காவல் யாருடையது?
அயர்லாந்து – ஈழம் – தமிழகம்: ஒரு வரலாற்று நோக்கு

காவல் என்னும் சொல் தமிழில் மிகத் தொன்மையானது. தினைப்புனக் காவல், ஊர்க் காவல், மதிற் காவல் என அது பல துறைகளிலும் வழங்கி வந்துள்ளது. பிற்காலச் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பயில்கின்றது. ஊரைக் காக்கும் உரிமையையும், அதற்காக ஊரார் செலுத்திய வரியையும் அச்சொல் ஒருங்கே குறித்தது. பாளையக்காரர் காலத்துத் தென்தமிழகத்தில் தலக்காவல், தேசகாவல் என இருவகைக் காவல்கள் இருந்தன. களவு போன பொருளை மீட்டுத் தர இயலாத காவற்காரன் அதற்கு ஈடு தர வேண்டும் என்பது அக்கால வழக்கம். அம்முறையில் கொடுமைகளும் மலிந்திருந்தன. காவற்கூலி நாளடைவில் மிரட்டிப் பறிக்கும் பணமாக மாறிய ஊர்கள் பல. எனினும், காப்பவன் காக்கப்படுவோர்க்குக் கடமைப்பட்டவன் என்னும் கருத்தொன்று அதன் அடியில் இருந்தது.

இன்றைய காவல்துறை அம்மரபில் வந்ததன்று. அதன் வேரை நாடிச் செல்வோர் அயர்லாந்துக்குச் சென்று சேர்வர். அதே அயர்லாந்தின் வடபகுதி, சமயப் பிரிவுகளின் பகையால் முப்பது ஆண்டுகள் குருதி சிந்தியபின், தன் காவல்துறையைக் கலைத்து மறுபடி கட்டியது. ஒரே வித்திலிருந்து முளைத்த பிற மரங்கள் ஈழத்திலும் தமிழகத்திலும் நிற்கின்றன. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடையது.

வித்து இட்ட இடம்

இலண்டன் மாநகரக் காவற்படையை 1829-இல் உருவாக்கியவர் இராபர்ட் பீல். அப்படையினர் படைக்கலம் ஏந்தாது, நீலச் சீருடையில், மக்களிடையே நடமாடுவோராக அமைக்கப்பட்டனர். அதே பீல், அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1814-இல், அயர்லாந்தில் ‘அமைதி காப்புப் படை’ ஒன்றை நிறுவியிருந்தார். அது வேறு இயல்பினது. அவ்வழியில் வளர்ந்து 1836-இல் ஒருங்கிணைக்கப்பெற்ற ஐரிஷ் கான்ஸ்டபுலரி, துப்பாக்கி ஏந்தியது, பாசறைகளில் தங்கியது, டப்ளின் கோட்டையிலிருந்து வந்த ஆணைக்கு மட்டுமே கட்டுப்பட்டது. காவலர் எவரும் தம் சொந்த மாவட்டத்தில் பணியாற்றக் கூடாது என்பது அதன் விதி. ஊரோடு உறவு ஏற்படலாகாது என்பதே அவ்விதியின் நோக்கம். 1867-இல் பீனியர் கிளர்ச்சியை அடக்கியமைக்குப் பரிசாக ‘ராயல்’ என்னும் அடைமொழி அதற்குக் கிட்டியது.

இலண்டன் முறை இங்கிலாந்து மக்களுக்கு. அயர்லாந்து முறை ஆளப்பட்ட நாடுகளுக்கு. இப்பகுப்பே பேரரசின் உள்ளக்கிடக்கையைக் காட்டப் போதுமானது. சிந்து மாநிலத்தை வென்ற சார்லஸ் நேப்பியர் 1843-இல் அங்கு அமைத்த காவற்படைக்கு ஐரிஷ் முறையே முன்மாதிரி. சிந்துவிலிருந்து அது பிற மாகாணங்களுக்குப் பரவியது.

சென்னையும் கொழும்பும்

சென்னை மாகாணத்தில் அம்மாற்றம் வந்த கதை தனியே சொல்லத்தக்கது. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, காவல் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடமும் அவருக்குக் கீழிருந்த தாசில்தாரிடமும் இருந்தது. வரி தண்டுபவரே குற்றம் துப்பறிபவரும் ஆனார். வரி செலுத்த இயலாத குடியானவனின் விரல்கள் ‘கிட்டி’ என்னும் மரப்பொறியில் வைத்து நெரிக்கப்பட்டன. கழுத்தைக் காலோடு பிணித்து, கொளுத்தும் வெயிலில் நிறுத்தப்பட்டோரும் உண்டு. இச்செய்தி இங்கிலாந்து நாடாளுமன்றத்தை எட்டவே, எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1855-இல் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. வரலாற்றில் அது சென்னைச் சித்திரவதைக் குழு என்றே பெயர் பெற்றுள்ளது. ஏழைக் குடியானவர்கள் நெடுந்தொலைவு நடந்து சென்னைக்கு வந்து குழுவின்முன் தம் குறைகளைச் சொன்னார்கள். வர இயலாதோர் மடல் எழுதினார்கள். 1857-இல் அமெரிக்க இதழொன்றில் இந்தியாவைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்சு இவ்வறிக்கையைச் சான்றாகக் காட்டினார்.

வருவாய்த் துறையையும் காவலையும் பிரிக்க வேண்டும் என்னும் குரல் இவ்வறிக்கையால் வலுப்பெற்றது. அதன் பயனாக 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் வந்தது. மாவட்டந்தோறும் கண்காணிப்பாளர், அவர்களுக்கு மேல் தலைமை அதிகாரி என்னும் அமைப்பு தோன்றியது. 1861-இல் இந்தியா முழுமைக்குமான காவல் சட்டம் அதனைப் பின்பற்றியது. நோய் சரியாக அறியப்பட்டது, மருந்துதான் பிறிதொன்றாயிற்று. வரி தண்டுவோரிடமிருந்து காவல் விடுபட்டது உண்மை. ஆனால் அது மக்களிடம் வந்து சேரவில்லை. அரசின் கைக்கருவியாகவே எஞ்சியது.

இலங்கையிலும் இதே போக்கினைக் காண்கிறோம். 1865-ஆம் ஆண்டின் 16-ஆம் எண் சட்டம் இலங்கைப் பொலிசுக்கு அடித்தளம் இட்டது. பம்பாய் மாகாணத்து இரத்தினகிரிப் படையில் பணியாற்றிய ஜார்ஜ் வில்லியம் இராபர்ட் காம்பெல் 1866-இல் அதன் தலைவராக அமர்த்தப்பட்டார். 1913 முதல் 1937 வரை அப்பொறுப்பை வகித்த ஹெர்பர்ட் டவ்பிகின், பேரரசின் காவல் கலைக்கே ஆசான் எனப் போற்றப்பட்டவர். ஆளப்படுவோரை அடங்கியிருக்கச் செய்தல் என்பதே அக்கலையின் முதற் பாடமாக இருந்தது.

அல்ஸ்டரின் எண்பது ஆண்டுகள்

1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டது. தெற்கே புதிய அரசு தோன்றியது. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கின. அவ்வடபகுதியில் பிரிட்டனோடு இணைந்திருக்க விழைந்த புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையர். ஒன்றுபட்ட அயர்லாந்தை விழைந்த கத்தோலிக்கர் சிறுபான்மையர். பழைய படை 1922-இல் கலைக்கப்பெற்று, வடக்கிற்கென ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி அமைக்கப்பட்டது. அதன் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கர்க்கு ஒதுக்கப்பட்டது. ஆயினும் அப்பங்கு ஒருநாளும் நிரம்பவில்லை. 1990-களில் படையில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேரே இருந்தனர்.

இக்குறைவுக்குக் காரணம் ஒன்றன்று. கத்தோலிக்க இளைஞன் அப்படையைத் தன்னுடையதாகக் கருதவில்லை. அதன் பெயரிலும் சின்னத்திலும் கொடியிலும் மற்றவர் நாடே தெரிந்தது. மீறிச் சேர்ந்தவனை உற்றார் விலக்கினர்; ஆயுதக் குழுக்கள் குறிவைத்தன. விசாரணையின்றிச் சிறையிட வழிவகுத்த 1922-ஆம் ஆண்டின் சிறப்பு அதிகாரச் சட்டமும், ‘பி ஸ்பெஷல்ஸ்’ எனப்பட்ட புராட்டஸ்டண்டுத் துணைப்படையும் அவ்வெறுப்பை வளர்த்தன.

1968 அக்டோபர் 5-ஆம் நாள் டெர்ரி நகரில் குடியுரிமை கோரி நடந்த ஊர்வலத்தைக் காவலர் தடியால் அடித்துக் கலைத்தனர். தொலைக்காட்சியில் அதை உலகமே கண்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கலவரம் மூண்டு, பிரிட்டனின் இராணுவம் தெருவில் இறங்கியது. அவ்வாண்டிலேயே அளிக்கப்பட்ட ஹண்ட் குழு அறிக்கையின்படி துணைப்படை கலைக்கப்பட்டது. காவலரிடமிருந்து துப்பாக்கியும் வாங்கப்பட்டது. ஆனால் வன்முறை பெருகவே, துப்பாக்கி விரைவில் காவலர் கைக்கு மீண்டது. அரசியல் தீர்வின்றிக் காவலை மட்டும் திருத்த இயலாது என்பதற்கு அம்முயற்சி சான்றாயிற்று. முப்பது ஆண்டுகளில் மாண்டோர் மூவாயிரத்து ஐந்நூறு பேர் அளவினர். அவர்களுள் 302 பேர் அக்காவல் படையைச் சேர்ந்தவர்கள். இவ்வெண்ணை மறந்து அப்படையின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

பேட்டன் ஆணையம்

1998 ஏப்ரல் 10-ஆம் நாள் பெரிய வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. காவலைப் பற்றித் தலைவர்களிடையே ஒருமைப்பாடு ஏற்படவில்லை. ஆகவே அதனைத் தனியே ஆராய ஆணையம் ஒன்று அமைக்க உடன்பட்டனர். ஹாங்காங்கின் இறுதி ஆளுநராக இருந்த கிறிஸ் பேட்டன் அதன் தலைவர். அவருடன் சேர்த்து உறுப்பினர் எண்மர். அவர்கள் ஊர் ஊராகச் சென்று பொதுக்கூட்டம் நடத்தினர். பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் எழுந்து பேசினர். மகனைக் காவலர் சுட்டதில் இழந்தோரும், காவலராயிருந்த மகனைக் குண்டுவெடிப்பில் இழந்தோரும் அச்சமுதாயத்தில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். இரு தரப்பாரின் துயரையும் கேட்டே ஆணையம் தன் முடிவுகளை வகுத்தது.

1999 செப்டம்பரில் வந்த அறிக்கையில் 175 பரிந்துரைகள் இருந்தன. அவற்றைத் தொகுத்து நோக்கின் நான்கு கூறுகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஆட்சேர்ப்பு. தகுதித் தேர்வில் வென்றோர் பட்டியலிலிருந்து கத்தோலிக்கர் ஒருவர், ஏனையோர் ஒருவர் எனச் சரிபாதியாகப் பத்தாண்டுகளுக்கு எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பொறுப்புக் கூறல். பத்தொன்பது உறுப்பினர் கொண்ட காவல் வாரியத்தில் பதின்மர் கட்சிகளின் பிரதிநிதிகள்; ஒன்பதின்மர் கட்சி சாராதவர்கள். காவல் தலைவர் அவ்வாரியத்தின்முன் வந்து விடை கூற வேண்டும். காவலர்மீது எழும் முறையீடுகளை விசாரிக்கத் தனி அதிகாரி. அவர் காவல்துறையைச் சாராதவர். தமக்கெனப் புலனாய்வாளரைக் கொண்டவர். இப்பொறுப்பை முதலில் ஏற்றவர் நூலா ஓ’லோன் என்னும் பெண்மணி.

மூன்றாவது, பெயரும் சின்னமும். ‘ராயல் அல்ஸ்டர்’ என்னும் பெயர் நீங்கியது. 2001 நவம்பர் 4-ஆம் நாள் ‘வட அயர்லாந்துக் காவற்பணி’ பிறந்தது. ‘படை’ என்னும் கருத்து போய்ப் ‘பணி’ என்னும் சொல் வந்தமை நோக்கத்தக்கது. புதிய சின்னத்தில் முடியும் யாழும், துலாக்கோலும் தீப்பந்தமும், ஆலிவ் இலையும் அயர்லாந்தின் மூவிலைச் செடியும் ஒருங்கே இடம்பெற்றன. எவரும் முழுதும் மகிழவில்லை. எவரும் முற்றாக விலக்கப்படவுமில்லை.

நான்காவது, கண்காணிப்பு. பரிந்துரைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்த்து வெளிப்படையாக அறிவிக்க, வெளிநாட்டார் ஒருவர் தலைமையில் தனி அலுவலகம் 2007 வரை இயங்கியது. அறிக்கைகள் அலமாரியில் உறங்கும் வழக்கத்திற்கு இது நல்ல மாற்று.

பழைய காவலரின் குடும்பங்கள் இம்மாற்றத்தைத் தம் மாண்டோர்க்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகவே கண்டன. அவர்தம் வலி பொய்யன்று. பழைய படை முழுமைக்கும் 1999-இல் ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய வீரவிருது அளிக்கப்பட்டது. மறுபுறம், சின் பீன் கட்சி புதிய காவலை ஏற்கப் பல ஆண்டுகள் மறுத்தது. 2007 சனவரி 28-ஆம் நாள் கூடிய தனி மாநாட்டில்தான் அது தன் நிலையை மாற்றிக்கொண்டது.

2011-இல் சரிபாதி ஆட்சேர்ப்பு முடிவுற்றபோது கத்தோலிக்கரின் பங்கு நூற்றுக்கு முப்பது அளவை எட்டியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஓமா நகரில் இளம் கத்தோலிக்கக் காவலர் ஒருவர் அமைதியை ஏற்காத குடியரசுவாதக் குழுவின் குண்டுக்கு இரையானார். அவரது பேழையை ஐரிஷ் விளையாட்டுக் கழகத்தாரும் காவலரும் சுமந்தனர். பிரிட்டனோடு இணைந்திருக்க விழையும் கட்சியின் தலைவரான முதலமைச்சர் கத்தோலிக்கத் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கிற்கு வந்தார். சின் பீன் தலைவர்களும் வந்தனர். அப்படுகொலையின் நோக்கம் அன்று தோற்றது.

எல்லாம் நிறைவேறிவிட்டது எனக் கூறுதற்கில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கில் கத்தோலிக்கப் பின்னணியினர் நூற்றுக்கு 45.7 ஆயினர், காவற்பணியிலோ அவர்கள் பங்கு மூன்றில் ஒன்று என்னும் அளவிலேயே தேங்கியது. பழைய கொலைகளின் உண்மையைத் தேடும் பணியும் முடிவுறாத வழக்காகவே நீடித்துள்ளது.

ஈழத்தின் நிலை

ஈழத்தை நோக்குங்கால் இதன் மறுபக்கம் தெரிகிறது. 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானபின், அரசுப் பணிகளில் போலவே பொலிசிலும் தமிழர் பங்கு தேய்ந்தது. தமிழ் மக்கள் தம் முறையீட்டைத் தமக்குத் தெரியாத மொழியில் எழுதுவித்துக் கையொப்பமிட வேண்டிய நிலை ஏற்பட்டது. 1974 சனவரி 10-ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் கூட்டத்தில் பொலிசார் புகுந்தபோது உயிர்கள் பலியாயின. 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. வெளியிலிருந்து தேர்தல் பணிக்கு வந்திருந்த பொலிசாரும் அதில் ஈடுபட்டனர் என்பதுதான் தமிழர் நெஞ்சில் ஆறாத புண். காக்க வந்தவர் கையில் தீவட்டி இருந்தது.

1987 சூலை 29-இல் இந்திய – இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதனைத் தொடர்ந்த பதின்மூன்றாம் திருத்தம் மாகாணந்தோறும் தனிப் பொலிஸ் பிரிவும் ஆணைக்குழுவும் அமைய வழி செய்தது. அவ்வேற்பாடு ஏட்டிலேயே நின்றது. எம்மாகாணத்திலும் நடைமுறைக்கு வரவில்லை. 2001-இல் பதினேழாம் திருத்தம் தேசியப் பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கியது. 2010-இல் பதினெட்டாம் திருத்தம் அதன் அதிகாரத்தைப் பறித்தது. 2015-இல் பத்தொன்பதாம் திருத்தம் மீட்டது. 2020-இல் இருபதாம் திருத்தம் மறுபடி பறித்தது. 2022-இல் இருபத்தோராம் திருத்தம் மறுபடி மீட்டது. ஆட்சிக்கு வருவோர்தம் விருப்பப்படி திறந்தும் மூடியும் வைக்கும் கதவாக அது ஆகிவிட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின்னும், 2013 வரை பொலிஸ் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே இருந்தது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011-இல் தந்த அறிக்கை, பொலிசைப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து பிரிக்கவும், தமிழ் பேசும் மக்கள் தம் மொழியிலேயே முறையிட வகை செய்யவும் கேட்டுக்கொண்டது.

இங்கும் நேர்மை வேண்டும். 1990 சூனில் கிழக்கு மாகாணத்தில் சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கானோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அவர்களுக்கும் தாய் தந்தையர் இருந்தனர். புலிகள் 1991 முதல் தம் ஆட்சிப் பகுதிகளில் தமிழிலேயே இயங்கிய காவல்துறை ஒன்றை நடத்தினர். முறையிடுவோர்க்கு மொழித் தடை அங்கில்லை. ஆனால் அது ஓர் ஆயுத இயக்கத்திற்கு மட்டுமே விடை கூறியது. மக்கள் அதனைக் கேள்வி கேட்க இடமில்லை. காவலர் நம் இனத்தவராக இருப்பது தேவை. அது மட்டும் போதாது. அவர் நமக்கு விடை கூறுபவராகவும் இருத்தல் வேண்டும். பேட்டன் அறிக்கை ஆட்சேர்ப்பையும் வாரியத்தையும் இணைத்தே வைத்ததன் நுட்பம் இதனால் விளங்கும்.

தமிழகத்திற்குரிய பாடம்

தமிழகம் அத்தகைய நெடும்போரைக் கண்டதில்லை. எனினும் காயம் அறியாததன்று. 1997 நவம்பர் 29-இல் கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் முசுலிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிலர் காவலரின் துப்பாக்கிக்கு இரையானவர்கள். 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டனர். கொல்லப்பட்ட காவலரின் துயரும், காவலரால் கொல்லப்பட்டோரின் துயரும், ஒரு பிழையும் அறியாமல் கடைத்தெருவில் மாண்டோரின் துயரும் ஒரே நகரில் தங்கின. காவல் ஒரு பக்கம் சாய்ந்தது என்னும் எண்ணம் ஒரு சாராரிடம் வேரூன்றுமாயின், அந்நிலத்தில் வன்முறையாளர் எளிதில் விதைப்பர் என்பதே கோவை புகட்டிய பாடம்.

சீர்திருத்தத்திற்கான வழி தெரியாமலில்லை. 1977-இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம் 1981-க்குள் எட்டு அறிக்கைகள் தந்தது. அவை நெடுங்காலம் உறங்கின. 2006 செப்டம்பர் 22-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. அவற்றுள் ஒன்று, ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் மாநிலத்திலும் மாவட்டந்தோறும் காவல் முறையீட்டு ஆணையம் அமைய வேண்டும் என்பது. 2013-இல் தமிழ்நாடு இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில ஆணையத்தை உள்துறைச் செயலரின் தலைமையிலும், மாவட்ட ஆணையத்தை ஆட்சியரின் தலைமையிலும் வைத்தது.

இதனை வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் தகும். 1989-இல் உருவான திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் உள்ளது. 1855-இல் இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அன்று வரிக்கொடுமைக்கும் காவற்கொடுமைக்கும் ஆளான குடியானவன் முறையிட வேண்டிய இடமும் ஆட்சியர் கச்சேரியே. கொடுமை செய்தவரும் அக்கச்சேரியின் ஊழியர். அதனாலேயே மக்கள் சென்னைக்கு நடந்தனர். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் இயற்றிய சட்டம் முறையீட்டை மறுபடியும் ஆட்சியரின் வாயிலுக்கே கொண்டு வந்து நிறுத்தியது. ஆட்சியர் எவரையும் குறை கூறுவதன்று இதன் கருத்து. ஆட்சியின் ஓர் உறுப்பின்மீது எழும் புகாரை ஆட்சியின் மற்றோர் உறுப்பே விசாரிக்கும்போது, தீர்ப்பு நேரியதாயினும் முறையிட்டவன் அதனை நம்பான். 2020 சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் துன்புறுத்தப்பட்டு மாண்டபோது நாடே அதிர்ந்ததற்கு, அவ்வவநம்பிக்கை பல காலமாகத் திரண்டிருந்தமையும் காரணம்.

மூன்று நிலங்களின் வரலாறும் ஒன்றையே உணர்த்துகின்றது. காவலைத் திருத்துதல் என்பது சீருடையை மாற்றுதலன்று. ஊர்திகளும் கருவிகளும் வாங்கித் தருதலுமன்று. காவல் யாருக்கு விடை கூறுகிறது என்பதை மாற்றுதலே திருத்தம். அதற்கு ஆள்வோர் தம் கையிலுள்ள அதிகாரத்தில் ஒரு பங்கைப் பிறர்க்கு விட்டுக் கொடுக்க வேண்டும். வட அயர்லாந்தில் விட்டுக் கொடுத்தனர். அரைகுறையாயினும் நம்பிக்கை முளைத்தது. ஈழத்தில் கொடுத்ததைப் பறித்தும் பறித்ததைக் கொடுத்தும் காலம் கழிந்தது. தமிழகத்தில் கொடுப்பதுபோல் காட்டித் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

திருக்குறளின் பொருட்பாலில் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. குடிகள் அஞ்சும் செயல்களைச் செய்யாதிருத்தலை ஆட்சியின் இலக்கணங்களுள் ஒன்றாக வைத்தது தமிழ் மரபு. காவல் நிலையத்தின் படியேறும் ஏழை ஒருவர் நடுக்கமின்றி ஏறி, தம் மொழியில் தம் குறையைச் சொல்லி, எழுதியதன் படியொன்றைக் கையில் பெற்றுத் திரும்பும் நாளே அம்மரபு நிறைவெய்தும் நாள். அந்நாளை ஆள்வோர் தாமாகக் கொண்டு வந்து தரமாட்டார்கள். சென்னைக்கு நடந்த அக்குடியானவர்களைப் போல, கேட்போர் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.